கேட்காமலே போட்ட கையெழுத்து

அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. பதினைந்து கையெழுத்துகளில் அதுதான் பெரியது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். பம்ப்செட் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்தாறு வருடமாக டெலிவரி சலானில் போட்டுப் பழகிய கை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போடவும் அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

கடிதம் ஒரு பாட்டு ஆப்புக்கு எழுதியது. அதில் பாட்டு மட்டுமல்ல, பேச்சு நிகழ்ச்சிகளும் வரும். கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் அதில் பேசுவாள். நம் ஊர்ப் பேச்சிலேயே பேசி ஆட்களைச் சிரிக்க வைப்பாள். ஒரு வாரம் அவள் எங்கள் அடக்கப் பாட்டு ஒன்றை எடுத்து டான்ஸ் பீட்டில் ஓடவிட்டுக் கேலி செய்துவிட்டாள். அந்த நிகழ்ச்சியை நீக்காவிட்டால் எங்கள் பாட்டுகள் அத்தனையையும் உங்கள் ஆப்பிலிருந்து எடுத்துவிடுவோம். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். அந்த அடக்கப் பாட்டு நான் எழுதி மெட்டுப் போட்டது. சாவு வீட்டிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது பாடுவது. ஆகவே முதல் கையெழுத்துக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

நான் எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவை நடத்துகிறவன். மில்லுக்காகவே உண்டான பகுதி எங்களுடையது. மில் மூடி, அந்த இடத்தில் அபார்ட்மெண்ட் எழும்பிவிட்டது, கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. கீபோர்டு வாசிப்பேன், பாட்டு எழுதுவேன், கோயிலில் எல்லாரும் என்னை மாஸ்டர் என்பார்கள். கம்பெனியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடிதம் எழுதியவர் ஸ்டூடியோக்காரர். இரண்டு தெரு தள்ளி ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பக்திப் பாடகர்கள் பலருக்கும் பாட்டுப் பதிவு செய்வதும், அதை ஆப்புகளில் ஏற்றுவதும் அவர்தான். கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவைக்குச் செயலாளரும் அவரே. நல்ல மனிதர். ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள பிரச்சினையும்.

அவர் என் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்த நாற்பது விநாடித் துண்டைப் போட்டுக் காட்டினார். என் மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் திபுதிபுவென்று டான்ஸ் பீட் வந்து விழுந்தது. ஒரே சிரிப்பு. கடைசியில் ஒரு பெண் குரல், "பரலோகத்துல எங்கப்பனுக்கு எந்த செட்டுங்க குடுப்பாங்க?" என்று கேட்டது. மறுபடி சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. என் பாட்டைக் கேட்டு அழாமல் சிரித்த கூட்டத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் பெரிய பெரிய பாடகர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஸ்டூடியோக்காரர் போனில் செய்தியைக் காட்டினார். ஆகாத பேச்சை வைத்திருக்கிற இடத்தில் எங்கள் பாட்டு இருக்காது என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தப் பாடகர்களும் நானும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதே! அங்கேயே, டீபாய் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசிப் பத்தியில் ஸ்டூடியோக்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார். என் அனுமதி இல்லாமல் என் பாட்டைப் பயன்படுத்தியிருக்கிறாள், அது உரிமை மீறல் என்று. மதத்தைப் புண்படுத்தினார்கள் என்றால் ஆப்புக்காரர்கள் யோசிப்பார்கள், உரிமை என்றால் யோசிக்காமல் எடுத்துவிடுவார்கள் என்றார். அதற்கும் சரி என்றேன்.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். அந்த நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டேனா என்று கேட்டாள். புளித்துப்போன மாவென்று தெரிந்துகொள்ள அத்தனை மாவையும் ஊற்றித் தின்ன வேண்டுமா என்று நான் கெத்தாகச் சொன்னேன்.

"மாவுக்கு மூக்குப் போதுமுங்க. பேச்சுக்குக் காது வேணுமல்லோ" என்றாள்.

அவளோடு பேசி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

மற்ற பதினான்கு கையெழுத்தையும் வாங்கி வருகிற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வீடு தேடி வந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. முதலில் தண்ணீர் வரும், பிறகு காபி. "ஏனுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க" என்பார்கள். அதற்கப்புறம் கடிதத்தை நீட்டினால் யார் படிப்பார்கள்? வந்தவர் எதிரில் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதென்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி. பவானியில் ஒரு அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர், கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எங்கே போடணுமுங்க என்று மட்டும் கேட்டார். ஈரோட்டில் ஒருவர் தனக்கு ஒரு கையெழுத்து, வெளியூர் போயிருந்த தம்பிக்கு ஒரு கையெழுத்து என்று இரண்டாகப் போட வந்தார். தம்பியுடையதை நான்தான் தடுத்தேன். பதிமூன்று பேரில் ஒருவர்கூட அந்த நிகழ்ச்சியைக் கேட்டிருக்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பெருமையாகவும் சொன்னார்கள்.

பல்லடத்துக்காரர் ஒருவர்தான் பாக்கி. அவர் கத்தோலிக்கர் இல்லை, மைக் வைத்து ஜெபக்கூட்டம் நடத்துகிற ஒரு சபையின் பாடகர், கோழித் தீவன ஏஜென்சி வைத்திருப்பவர். போனில் பேசும்போதே, அந்தப் பொண்ணு அப்படி என்னதான் சொல்லிப்போட்டாளுங்க என்று கேட்டார். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். சொல்வதற்கு என்னிடம் நாற்பது விநாடிதான் இருந்தது. அதனால் சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிகழ்ச்சியை முதலிலிருந்து போட்டேன்.

சூலூர் வருவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அது புரியவேண்டுமென்றால் எங்கள் குழுவின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பங்கில் ஒரு சாவு விழுந்தால் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் எனக்குப் போன் செய்வார். யார் யாரைப் பாட அனுப்புவது என்று நான் முடிவு செய்வேன். பெரிய செட், சின்ன செட் என்று எங்களுக்குள் பேச்சு. பெரிய செட் என்றால் கீபோர்டு, தபேலா, கிடைத்தால் வயலின், ஆறேழு குரல்கள், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் உண்டு. சின்ன செட் என்றால் நான், மடியில் வைக்கிற சின்னக் கீபோர்டு, கூட ஒரு குரல். தபேலா இல்லாததால் கீபோர்டிலேயே இருக்கிற தாளத்தை ஓடவிட்டுக்கொள்வேன். மெயின் ரோட்டு வீடுகளுக்கும் சுற்றியுள்ள நகர்களுக்கும் பெரிய செட் போகும். மில்லுக்குப் பின்புறத் தெருவுக்குச் சின்ன செட். சந்து குறுகல், பெட்டியைக் கொண்டுபோக முடியாது, வேலை நாளில் ஆள் கிடைக்காது. காரணங்கள் கைவசம் நிறைய இருந்தன. அந்தத் தெருவில் இருப்பவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். இந்த ஒரு வாக்கியத்தை நேராக எழுத எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகியிருக்கிறது. யாரும் எனக்கு அப்படிச் செய் என்று சொன்னதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். சவப்பெட்டி அந்தச் சந்துக்குள் போய்த் திரும்பி வரும், ஸ்பீக்கர் பெட்டி மட்டும் போகாது என்பதை ஒரு நாளும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் அந்தத் தெருக்காரி என்பது அவள் பேசப் பேசத்தான் எனக்குத் தெரிந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன் அவளுடைய அப்பா இறந்தபோது பாடப் போனவன் நான். கூட வரவேண்டிய குரலுக்குக் காய்ச்சல். நான் தனியாகவே போய்விட்டேன். தபேலாக்காரர் அன்றைக்கு வீட்டில் சும்மாதான் இருந்தார், அவரை நான் கூப்பிடவில்லை. சவப்பெட்டியைத் தூக்குகிற நேரம், என் பாட்டை ஆரம்பித்துப் பாதி போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. கீபோர்டில் பேட்டரி கிடையாது. பத்து நிமிஷம் எல்லாரும் காத்திருந்தார்கள். கரண்ட் வந்ததும் அவசரத்தில் பட்டனைத் தட்டினேன். கரண்ட் போய் வந்தால் அந்தக் கீபோர்டு நாம் வைத்திருந்த தாளத்தை மறந்து தன்னுடைய முதல் நம்பருக்குப் போய்விடும். முதல் நம்பர் டான்ஸ் பீட். சின்ன வீடு, சுவரெல்லாம் அதிர்ந்தது. நிறுத்துகிறேன் என்று பதறி வேறு பட்டனை அமுக்க, அது இன்னும் வேகமாக ஓடியது. கடைசியில் ஒயரையே பிடுங்கினேன். பிறகு தாளம் இல்லாமல் வெறும் குரலில் பாடி முடித்தேன். கோயிலில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

இதைத்தான் அவள் சொல்லியிருந்தாள். என் பெயரைச் சொல்லவில்லை, பங்கின் பெயரையும் சொல்லவில்லை. "எங்க ஊட்ல மொதமொதல்ல டான்ஸ் மியூசிக் போட்டது எங்கப்பாரு சாவுக்குத்தானுங்க" என்று ஆரம்பித்தாள். பெட்டியைத் தூக்க வந்த நாலு பேரும் தூக்குவதா ஆடுவதா என்று தெரியாமல் நின்றதைச் சொன்னாள். நான் பட்டன் பட்டனாகத் தட்டியதைச் சொன்னாள். நானே பஸ்ஸில் ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன், அவ்வளவு சரியாகச் சொல்லியிருந்தாள். பிறகு அடுத்த வாரத்தைச் சொன்னாள். மில் ஆபீசில் பெரிய வேலையில் இருந்தவரின் தாயார் இறந்ததற்கு அவளும் போயிருக்கிறாள். அங்கே எட்டுப் பேர், வயலின், தபேலா. அதே பாட்டுத்தான். அந்தப் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டென்று அன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்தது என்றாள். அதற்கப்புறம்தான் பரலோகத்தில் எந்த செட் என்ற கேள்வி. வாட்ஸ்அப் துண்டில் இருந்த சிரிப்பு என் பாட்டுக்கு விழுந்த சிரிப்பு இல்லை. எனக்கு விழுந்தது.

பல்லடத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். இறங்கியதும் நேராகத் தீவனக் கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் இளநீர் வெட்டச் சொன்னார். அந்தப் பொண்ணு என்ன சொன்னாளுங்க என்று மறுபடி கேட்டார். பாட்டைக் கேலி பண்ணியிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது இளநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தார். நாங்களும் மைக் வைத்துப் பேசுகிறவர்கள்தான், எங்கள் பேச்சும் நாலு பேருக்கு ஆகாததுதான், இன்றைக்கு இவள் வாயை மூடச் சொன்னால் நாளைக்கு எங்கள் வாயை மூடச் சொல்ல அந்த நாலு பேருக்கு ஒரு வழி ஆகிவிடாதா என்றார். அந்தப் பதினான்கு பேரில் யோசித்த ஒரே மனிதர் அவர்தான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி உடுங்க, நீங்க இவ்வளவு தொலவு வந்துட்டீங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நான் செய்ததில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். தெரியாமல் முதல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினைந்தாவது கையெழுத்தைத் தெரிந்தே வாங்கினேன்.

வீட்டில் என் மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். அந்தத் தாளம் நீங்கள் வைத்ததா என்று முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். கடிதம் போகட்டும், ஆப்புக்காரர்கள் எங்கே இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள், தானாக அமுங்கிவிடும் என்றேன். அவள் யூனிபார்மைத் துவைக்கப் போய்விட்டாள்.

கடிதம் போன ஆறாம் நாள் அந்த நிகழ்ச்சி ஆப்பில் இல்லை. உரிமைக் கோரிக்கையின் பேரில் நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. மற்ற பதினான்கு பேர் கையெழுத்துக்கும் அதில் வேலையே இல்லை. என்னுடையது ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. எங்களில் யாரும் ஒரு பாட்டைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் அரைக் கிலோ மைசூர்பாவோடு வந்தார். பெட்டியை அவர் எதிரிலேயே பிரித்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

அவர் அதோடு விட்டிருந்தால் நான் வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன் என்பதுதான் உண்மை. நீக்கினால் போதாது, மன்னிப்பு வேண்டும் என்றார். அவள் எங்கள் பங்குக்காரி என்பதை அதற்குள் விசாரித்திருந்தார், ஆனால் அந்தப் பெண் போனை எடுக்கவில்லை. அதனால் அவளுடைய அம்மாவைக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. அந்த அம்மா மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். மில் மூடிய பிறகு நாலு வீடுகளில் வேலை செய்கிறார். சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டித் துடைப்பதும் அவர்தான், அதற்கு யாரும் அவரை நியமிக்கவில்லை. மகளுக்காக அவர் மன்னிப்புக் கேட்டால் அதை எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்றார் ஸ்டூடியோக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, மறைக்கல்வி வகுப்பு நடக்கும் மாடி அறையில் கூடினோம். பங்குத் தந்தை தியானத்துக்காக ஊட்டிக்குப் போயிருந்தார். பேரவையில் ஆறு பேர், பிறகு நான். பிள்ளைகள் உட்காருகிற குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மா வருவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். ஸ்டூடியோக்காரர் முதலில் ஜெபம் சொல்லட்டும் என்று இருந்தேன். ஜெபம் முடிந்தது. அவர் கடிதத்தைப் படித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார்.

வந்து கதவோரம் நின்றார். இரண்டு பெஞ்சுகள் காலியாக இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அம்மா, உங்களைக் கஷ்டப்படுத்த இல்லீங்க என்றார். அந்த அம்மா அவரை முடிக்கவே விடவில்லை.

"எம்புள்ள பேசுனது தப்புங்க. பெரியவங்க நீங்கெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. அவளுக்காவ நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி எனக்குத் தனியாக ஒரு தடவை கும்பிட்டார். "மாஸ்டர், உங்க பாட்டைப் போயி அப்படிப் பேசிப்போட்டா."

நான் எழுந்து நின்றேன். குட்டிப் பெஞ்சிலிருந்து எழுவதே சிரமமாக இருந்தது.

"அந்தத் தாளத்தைப் போட்டது நானுங்க" என்றேன். "அந்தப் பொண்ணு இல்லீங்க. இவங்க ஊட்டுக்காரரு அடக்கத்துல நான்தான் போட்டேன்."

ஸ்டூடியோக்காரர் தலையை ஆட்டி, மாஸ்டருக்குப் பெரிய மனசு, பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார், இதைத்தான் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாங்க என்றார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. உண்மையைச் சொன்னாலும் அதை நல்ல குணமாக மாற்றி நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, முக்கால்வாசி என் மேலேயே.

முழுவதையும் சொன்னேன். கரண்ட் போனது, பட்டன், ஒயரைப் பிடுங்கியது. தபேலாக்காரர் வீட்டில் இருந்தும் கூப்பிடாதது. தபேலாக்காரரும் அங்கே பேரவையில் உட்கார்ந்திருந்தார், அவர் தரையைப் பார்த்தார். "அந்தத் தெருவுக்கு இருவது வருசமா சின்ன செட்தானுங்க அனுப்புனேன். எதுக்குன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியுமுங்க" என்றேன். இப்போது யாரும் எனக்குப் பெரிய மனசு என்று சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம், நீங்களும் அன்றைக்குப் பக்கத்தில்தானே இருந்தீர்கள், இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தோன்றியது. நான் சொல்லாமல் இருந்ததற்கு அவரிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

அவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். "தெரியுமுங்க மாஸ்டர். நீங்க ஒருத்தராச்சும் வந்தீங்களேன்னு இருந்துபோட்டேனுங்க."

இதெல்லாம் இங்கே பேசுகிற விஷயம் இல்லை, பங்குச் சாமியார் ஊட்டியிலிருந்து வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோக்காரர் கூட்டத்தை முடித்தார். எழுதி வாங்க வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா போகும்போது, நான் எழுந்ததில் கோணிப்போயிருந்த பெஞ்சை நேராக்கிவிட்டுப் போனார்.

மறுநாளே ஆப்புக்கு எழுதினேன். என் உரிமைக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், அந்தப் பெண் என் பாட்டைப் பயன்படுத்த எனக்குச் சம்மதம் என்று. ஸ்டூடியோக்காரர் உதவவில்லை, தடுக்கவும் இல்லை. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகுதான் அனுப்பினேன். ஒரு கலைஞன் தனக்குப் பிடிக்காத இடத்திலிருந்து தன் பாட்டை எடுத்துக்கொண்டு போவதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அது அவன் பாட்டு, அவன் கோபம். நாங்கள் செய்தது அது இல்லை. எங்கள் பாட்டு இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. அதைக் காட்டி மிரட்டி இன்னொருத்தியின் வாயை மூடினோம். அதுவும் அவள் சொன்னது பொய் என்பதால் இல்லை.

குழுவில் இப்போது எந்தத் தெரு என்றாலும் ஒரே செட்தான் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருவருக்குத் தொண்டை சரியில்லை, ஒருவருக்கு வீட்டில் வேலை. மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை, அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இரண்டு வாரம் கழித்து ஆப்பிலிருந்து பதில் வந்தது. கோரிக்கை திரும்பப் பெறப்பட்டதால் அந்த நிகழ்ச்சியை உரியவர் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கம்பெனியில் மதிய இடைவேளையில், லாரிகள் நிற்கிற பக்கமாகப் போய் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள். யார் என்று சொன்னதும், சொல்லுங்க மாஸ்டர் என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அடக்கத்தன்று நடந்ததற்கும், கடிதத்துக்கும் சேர்த்துக் கேட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு நல்ல சேதியைச் சொன்னேன். இனித் தடை எதுவும் இல்லை, நிகழ்ச்சியைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், என் பாட்டும் அதில் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"அதுக்கென்னங்க மாஸ்டர், ஒரு பட்டனை அமுத்துனா அது வந்துருமுங்க" என்றாள். "எங்கம்மாளை அந்த ரூம்ல நிக்க வெச்சுக் கும்புட வெச்சீங்களே, அதை எடுக்கச் சொல்லி யாருக்குங்க எழுதறது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். நிஜமாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டது போல இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. தெரியலீங்க அம்மணி என்றேன். சரிங்க மாஸ்டர், வெச்சுடறேனுங்க என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.